எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறீர்களா? முதலில் பேப்பரைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் காருக்கு வேறு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) போடும் பலர் யூடியூபில் கேட்ட சத்தத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பிராண்ட் பிடித்துவிட்டது, விலை படிந்துவிட்டது, முன்பணமும் கட்டியாகிவிட்டது. அப்புறம்தான் ‘எல்டிஏ ஒத்துக்கொள்ளுமா?’ என்று யோசிக்கிறார்கள்.

எக்ஸாஸ்ட் மாற்றத்துக்கு எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். குழாய் உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்டது, புகையும் சத்தமும் வரம்புக்குள் இருக்கின்றன என்று காட்டும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். எனவே சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறைக்குள் நுழைந்ததும், “அண்ணே, என் வண்டிக்கு எல்டிஏ பேப்பர் இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். “நிறையப் பேர் போட்டிருக்காங்க தம்பி, ஒண்ணும் வராது” என்று பதில் வந்தால், பேப்பர் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

குழாயில் பொறித்திருக்கும் முத்திரையைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கிறது: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 13 லக்சம்பர்க். குழாய் எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. ஜப்பானியக் குழாய்களில் இருக்கும் ஜாஸ்மா தகடும் அந்த நாட்டு விதிகளுக்கானது. இவை நல்ல அறிகுறிகள்தான், ஆனால் இங்கே அனுமதிக் கடிதம் ஆகிவிடாது. ஜோகூர் பாருவில் மலிவாகப் போட்டுக்கொண்டு வரலாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். வண்டி சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டி, விதி அதைப் பின்தொடரும்.

சோதனைக்குப் போகும்போது மட்டும் பழைய குழாயை மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. 3 வயது முதல் 10 வயது வரையான கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் சோதனை. அன்று தப்பிக்கலாம். ஆனால் எல்டிஏ, போக்குவரத்துப் போலீஸ், தேசியச் சுற்றுப்புற வாரியம் சேர்ந்து சாலையோரத்தில் நடத்தும் சோதனை சொல்லிவிட்டு வருவதில்லை.

சரி, எஞ்சினுக்கு வருவோம். பெரிய குழாய் என்றால் பெரிய பவர் என்ற நம்பிக்கைதான் அதிகப் பணத்தை வீணாக்குகிறது. டர்போ இல்லாத 1.5, 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 2 முதல் 2.25 அங்குலம் வரை போதும். 2.25 அங்குலம் இருந்த இடத்தில் 3 அங்குலக் குழாயை மாட்டினால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, புகையின் வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை, அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வேகம் போனால் குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நம் ஊர் ஓட்டத்தில் வேண்டியது அந்த இழுவைதான். இதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர் ‘எஞ்சினுக்கு பேக் பிரஷர் தேவை’, அதாவது புகை வெளியேறும் வழியில் எதிரழுத்தம் தேவை என்கிறார்கள். எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் நல்லது செய்வதில்லை. தேவைப்படுவது புகையின் வேகம்.

டர்போ வண்டியில் கதை வேறு. டர்போவுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, 2 லிட்டர் டர்போவுக்கு 3 அங்குலம் வழக்கமான அளவு. ஆனால் பலனில் பெரும்பகுதி, டர்போவை ஒட்டி வரும் முதல் குழாயான டவுன்பைப்பில் இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கும் இடமும் அதுதான் என்பதால் சிக்கலும் அங்கேதான். கன்வர்ட்டரைக் கழற்றினால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியும். இங்கே 2017 செப்டம்பர் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு யூரோ 6 தரம் நடப்பில் இருக்கிறது, அதைக் கன்வர்ட்டர் இல்லாமல் எட்ட முடியாது. கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டும் மாற்றும் கேட்-பேக் செட், டர்போ காரில் பெரும்பாலும் சத்தத்துக்கான செலவு. அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்குங்கள், தப்பில்லை. குதிரைத்திறன் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சத்தத்தில் நடக்கும் தவறு, நின்ற வண்டியை முறுக்கிக் கேட்டு முடிவெடுப்பது. தலைவலி தரப் போவது பிஐஇ விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டரில் ஒரே சீராக ஓடும்போது வரும் முனகல். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு சுமார் 67 வெடிப்பு. அந்த அதிர்வெண்ணில் குழாயும் கார் உள்கூடும் சேர்ந்து முழங்கினால், பின் இருக்கையில் இருக்கும் அம்மா அப்பா துவாஸ் போய்ச் சேருவதற்குள் வெறுத்துவிடுவார்கள். இந்த முனகலை அடக்கும் ரெசனேட்டர் இல்லாத மலிவான செட்களில் இது சாதாரணம். வாங்குமுன் அதே மாடலில் அதே குழாய் போட்டவரின் வண்டியில் விரைவுச்சாலையில் ஒரு சுற்று போய்வாருங்கள். ஃபோன் ஆப்பில் டெசிபல் பார்ப்பதையும் நம்ப வேண்டாம். நின்ற நிலையில் அளக்கும் சர்வதேச முறையில், மைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 பாகைக் கோணத்தில் இருக்கும். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் பார்க்கும் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிமோட் வால்வு வைத்த குழாய் என்றால், வால்வு திறந்திருக்கும்போது வரும் சத்தத்தை வைத்து முடிவெடுங்கள். நள்ளிரவில் வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அது எப்படி எதிரொலிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

உலோகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. வீட்டிலிருந்து எம்ஆர்டி வரை, அங்கிருந்து ஃபேர்பிரைஸ் வரை என்று குட்டி ஓட்டமே ஓடினால் சைலன்சர் முழுதாகச் சூடாகாது, தண்ணீர் உள்ளேயே தங்கும். சாதா இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொஞ்சம் விலை கூட, ஆனால் தாங்கும். டைட்டானியம் எடை குறைவு, ஆனால் விரிசல் விட்டால் ஒட்டவைக்கத் தெரிந்த வெல்டர் கிடைக்க வேண்டும். வளைவுகளையும் தடவிப் பாருங்கள். வளைந்த இடத்தில் குழாய் நசுங்கிச் சுருங்கியிருந்தால், 3 அங்குலம் என்று விற்றது அந்த இடத்தில் 3 அங்குலம் இல்லை.

காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் விடுவதும் தவறு. விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் டீலரிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஒரிஜினல் குழாயை ‘இங்கேயே போட்டுடுங்க’ என்று பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். காரை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்பார், புதிதாக வாங்கப் போனால் விலை கசக்கும். போல்ட், கேஸ்கெட், ரப்பர் ஹேங்கர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குழாயோடு கட்டி, வீட்டு பாம்ப் ஷெல்டரில் நிறுத்தி வையுங்கள். நீளம் இடிக்கும், வீட்டில் இரண்டு பேச்சும் விழும்.