அடிமை எதிர்ப்புப் பிரசுரத் தொகுப்பு: சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

1770கள் முதல் 1860கள் வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சான அடிமை எதிர்ப்புப் பிரசுரங்களும் கிறித்தவக் கைப்பிரதிகளும் (கையால் எழுதியவை அல்ல, அச்சிட்ட சிறு மதப் பிரசுரங்கள்) பெரும்பாலும் கலந்தேதான் வந்து சேரும். ஒரே பெட்டியில் கிடக்கும். பல சமயம் ஒரே பைண்டிங்குக்குள்ளேயே இருக்கும். அந்தப் பைண்டிங்கைப் பிரிப்பதுதான் மீட்கவே முடியாத தவறு. அந்தக் காலத்துப் பாதிரியாரோ வாசகரோ தன்னிடம் சேர்ந்த பத்துப் பதினைந்து பிரசுரங்களைத் தான் விரும்பிய வரிசையில் தைத்து வைத்திருப்பார். முன்தாளில் கையெழுத்தில் ஒரு பட்டியலும் இருக்கலாம். எதற்குப் பக்கத்தில் எதை வைத்துப் படித்தார் என்பதற்கு அந்தத் தையலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு என்று வியாபாரிகள் கிழித்துப் பிரிப்பார்கள். முதுகு மடிப்பு கிழிந்து, ஓரமும் வெட்டுப்பட்டு வரும். சேதத்தால் பிரித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு வரிசை எண்ணை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், பிரசுரத்தின் மேல் வேண்டாம்.

அடுத்தது, மெல்லிய வெளித்தாளைக் குப்பை என்று கழற்றுவது. வெளியிட்ட சங்கம், முகவரி, விலை எல்லாம் சில பிரசுரங்களில் அந்தத் தாளில் மட்டுமே இருக்கும். 1836இல் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் வெளியிட்ட, ஏஞ்சலினா கிரிம்கே அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலக் கிறித்தவப் பெண்களுக்கு எழுதிய வேண்டுகோள், அந்தச் சங்கத்தின் ‘ஆன்ட்டி-ஸ்லேவரி எக்ஸாமினர்’ என்ற வரிசையில் 2ஆம் எண். அந்த வரிசை இதழ்களில் எத்தனை தாள், 100 மைலுக்குள் அஞ்சல் கட்டணம் எவ்வளவு, 100 மைலைத் தாண்டினால் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். படித்துவிட்டுப் பிறருக்குக் கொடுங்கள் என்ற வரியும் வரும். பிரசுரம் எப்படிப் பயணம் செய்தது என்பதை அந்தச் சிறு எழுத்துகள் சொல்லிவிடும். நடுவில் உள்ள மடிப்புக் கோடும் அப்படித்தான், அது அஞ்சலில் போன தடமாக இருக்கலாம். அதை இஸ்திரி போட்டு நிமிர்த்துவது தடயத்தை அழிப்பதாகும்.

தலைப்புப் பக்கம் இல்லை என்றதும் ‘குறைப் பிரதி’ என்று எழுதிவிடுகிறார்கள். பல பிரசுரங்களுக்குத் தலைப்புப் பக்கமே அச்சிடவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் தலைப்பு, அதன் கீழேயே உரை. பக்க எண்ணும் ஏமாற்றும். அமெரிக்கக் கைப்பிரதிச் சங்கத்தின் வெளியீடுகள் பலவற்றில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: ஒன்று அந்தக் கைப்பிரதிக்கு உரியது, மற்றது தொகுதி முழுவதற்கும் ஓடுவது. 200ஐத் தாண்டிய எண்ணில் தொடங்குகிறதே என்று முன்பக்கங்களைத் தேடிப் பயனில்லை. பக்கத்தின் அடியில், மடித்த தாள்களை வரிசையாகச் சேர்ப்பதற்காக அச்சிட்ட மடிப்புக் குறி எழுத்துகளைச் சரிபாருங்கள், வரிசை அறுந்திருந்தால் தாள் போயிருக்கலாம்.

வகைப்படுத்துவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மதப் பிரசுரம் என்றால் அடிமை முறையை எதிர்த்தது என்று கொள்ள முடியாது. 1825இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கக் கைப்பிரதிச் சங்கம், தெற்கு ஆதரவாளர்களை இழக்காமலிருக்க அடிமை முறை பற்றி வாய் திறக்கவில்லை. 1859இல் அதன் பாஸ்டன் கிளை பிரிந்து போனது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சங்கமும் அடிமை எதிர்ப்புச் சங்கமும் ஒரே நாசோ தெருவில் அலுவலகம் வைத்திருந்தவை. தெருப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இரண்டையும் குழப்பிவிடுவோம். தலைப்பும் உதவாது. தியோடர் வெல்ட் 1837இல் வேதாகமத்தைக் கொண்டு அடிமை முறையை எதிர்த்து எழுதினார். வெர்மான்ட் பிஷப் ஜான் ஹென்றி ஹாப்கின்ஸ் 1861இல் அதே வேதாகமத்தைக் காட்டி அதை நியாயப்படுத்தினார். இரண்டு தலைப்பிலும் வேதாகமம் உண்டு, அடிமைத்தனமும் உண்டு. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப முயன்ற அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் பிரசுரங்களுக்கும் தனிப் பிரிவு வேண்டும். ஒழிப்புவாதிகளில் பலர் அந்தச் சங்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர்கள். 1841இல் லண்டனில் வெளியான, பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமை முறை பற்றிய நூல் பெரும்பாலும் ‘இந்தியா’ அலமாரிக்குப் போய்விடுகிறது. இலங்கை, மலாக்கா, பினாங்கு வரை பேசும் அந்த நூல் இந்தத் தொகுப்போடு சேர்ந்தது.

பழையது எல்லாம் அரிது அல்ல. மேற்கிந்தியச் சர்க்கரையையும் ரம்மையும் விலக்கச் சொல்லி வில்லியம் ஃபாக்ஸ் 1791இல் எழுதிய வேண்டுகோள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பு கண்டது; பதிப்பு எண்ணைக் குறிக்காமல் ‘ஃபாக்ஸ், 1791’ என்று எழுதுவது பாதிப் பதிவு. 1835 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அஞ்சலகத்திலிருந்து அடிமை எதிர்ப்புப் பிரசுரங்களை எடுத்துப்போய் எரித்தார்கள். அப்படிப்பட்டவற்றில் தெற்கில் தங்கிய பிரதி கிடைத்தால், அதை யார் வைத்திருந்தார் என்ற எழுத்து உரையைவிட மதிப்புள்ளது. ஸ்டீரியோ தட்டில் (கோத்த எழுத்துப் பக்கத்தை அப்படியே வார்த்தெடுத்த உலோகத் தகட்டில்) அச்சானவை பல ஆண்டுகள் ஒரே முகத்தோடு வரும். தேய்ந்து உடைந்த எழுத்து, பின்னால் அச்சான பிரதிக்கு அடையாளம். 1960களில் வந்த மறுபதிப்புகளும் சந்தையில் உண்டு. தாளின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்: பழைய அச்சில் எழுத்து அழுந்திய மேடு பல சமயம் தட்டுப்படும், ஆஃப்செட் முறையில் அச்சான மறுபதிப்பில் வழுவழுவென்று இருக்கும்.

பாதுகாக்கிறேன் என்று செய்யும் கேடுகள் தனி. செல்லோடேப்பின் பசை சில பத்தாண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். டேப் உதிர்ந்தாலும் கறை போகாது. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். கை பழகவில்லை என்றால் உறையில் வைத்து விட்டுவிடுவது நல்லது. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழுப்புப் புள்ளிகளை வெளுக்க பிளீச் தொட வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் பிய்யும். அடியில் பாலியஸ்டர் தாளைச் செருகிவிட்டு மெல்லக் கழற்றுங்கள்.

கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் என்பதால் 1791 பிரசுரம் இன்றும் உறுதியாக இருக்கும். மரக்கூழ்த் தாளில் அச்சான 1870களின் பிரசுரமோ ஒடிந்துவிடும். இரண்டையும் ஒட்டி வைத்தால் மரக்கூழின் அமிலம் நல்ல தாளுக்கும் பரவும். ஒவ்வொன்றுக்கும் அமிலமற்ற தனி உறை வேண்டும். உள்ளே இருக்கும் செய்தித்தாள் துண்டை எடுத்து, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து வேறு உறையில் வையுங்கள். அறை 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும்.

ராமபாணப் பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடாதீர்கள். பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் பூத்துவிடும். 24 மணி நேரம் கட்டியபடியே விட்டு, பிறகு பிரியுங்கள்.