பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட், கூடவே தமிழ்99: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

தர்மபுரி மாவட்டத்தில் பல வீடுகளின் பரண்மேல் இன்றும் ஒரு விலையில்லா மடிக்கணினி கிடக்கிறது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் வாங்கியவை. வாங்கிய பிள்ளைகள் படிப்பை முடித்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கணினி ஊரிலேயே தங்கிவிட்டது. இப்போது அதைத் திறந்தால் திரை வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசசரும் அந்தக் காலத்துக் கணினிகளில் கிடையாது. அதனால் எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், எழுத, படிக்க, காணொளி பார்க்க, விண்ணப்பம் நிரப்ப அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அண்ணன் மகளுக்காக அப்படி ஒரு கணினியைத் தயார் செய்தேன். 4 ஜிபி ராம், 500 ஜிபி வன்தட்டு கொண்ட பழைய கணினி அது. தமிழில் குறிப்பு எழுத வேண்டும் என்பது அவளுடைய முதல் தேவை. அதற்குத்தான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை. அந்த வேலையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோப்பை நகலெடுப்பது, பென்டிரைவைச் செருகுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எஸ்எஸ்டி வாங்குங்கள்

ராமைக் கூட்டுவதா, வன்தட்டை மாற்றுவதா என்று கேட்டால் என் பதில் உறுதியானது: முதலில் வன்தட்டை மாற்றுங்கள். பழைய கணினியின் மந்தத்துக்குப் பெரும்பாலும் சுழலும் வன்தட்டே காரணம். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்புத் தட்டு. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி அளவில் ஒன்று போதும். இதற்காக பெங்களூரு எஸ்பி ரோடு வரை போக வேண்டியதில்லை. உள்ளூர்க் கணினிக் கடையிலேயே கிடைக்கும். உத்தரவாதச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். கையில் மேலும் பணம் இருந்தால் ராமைப் பாருங்கள். பழைய ராமின்மேல் டிடிஆர்3எல் என்று எழுதியிருந்தால் அதே வகையைத்தான் வாங்க வேண்டும். லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி வசதியானது. 2 ஜிபியில் உலாவியில் பக்கங்களை அடுக்கினால் திணறும்.

மாற்றுவதற்கு நட்சத்திரத் தலை கொண்ட சிறிய திருப்புளி ஒன்று போதும். மின்வடத்தைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வன்தட்டு ஒரு தகரச் சட்டத்துக்குள் நான்கு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். சட்டத்தோடு பக்கவாட்டில் இழுத்தால் இணைப்பிலிருந்து விடுபடும். மேல்நோக்கி நெம்பக் கூடாது. பழைய வன்தட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான். அதனால் சட்டத்துக்குள் சற்று ஆடும். எஸ்எஸ்டியோடு சில நேரம் ஒரு பிளாஸ்டிக் விளிம்பு தருவார்கள், அதை ஒட்டிவிடுங்கள்.

கழற்றிய வன்தட்டை அழிக்காதீர்கள். ஒரு யுஎஸ்பி உறை வாங்கி அதில் போட்டுவிட்டால் படங்கள், பழைய கோப்புகள், விண்டோஸ் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரே தட்டில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து நிறுவும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தொடக்கநிலையாளருக்கு அது வேண்டாம் என்பேன். தட்டைப் பிரிக்கும்போது ஒரு சொடுக்கு தவறினாலும் குடும்பப் படங்கள் போய்விடும். எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருக்கும்போது அந்தப் பயம் துளியும் இல்லை.

படி 2: பென்டிரைவ்

லினக்ஸ் மின்ட் மூன்று வடிவங்களில் வருகிறது: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ. பார்வைக்கு எளிமையானது, வேகமானது. 22 வரிசையில் வந்த பதிப்பை எடுங்கள். அதற்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு உண்டு.

மின்ட் தளத்திலிருந்து தரவிறக்கும் நிறுவல் கோப்புக்கு ஐஎஸ்ஓ என்று பெயர்; ஏறக்குறைய 3 ஜிபி வரும். அதைப் பென்டிரைவில் எழுதுவதற்கு ரூபஸ் என்ற சிறிய மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் ஓட வைத்தால் போதும், நிறுவக்கூடத் தேவையில்லை. கைபேசி இணையத்தில் தரவிறக்கியிருந்தால் ரூபஸிலேயே உள்ள பொத்தானைச் சொடுக்கி எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணைப் பார்த்து, மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இடையில் அறுந்து மீண்ட தரவிறக்கம் பாதி நிறுவலில் காலை வாரிவிடும்.

படி 3: மின்சாரம்

வேறெந்த விளக்கத்திலும் இந்தப் படியைக் காண மாட்டீர்கள், ஆனால் நம் ஊரில் இது அவசியம். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். நிறுவலின் நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றைக்கு என்று நாளிதழில் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் பின்பக்கம் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் அது மாறிக்கொள்ள எடுக்கும் நொடிக்குள் பேட்டரி இல்லாத கணினி அணைந்துவிடும். மின்விசிறிக்கு அந்த இடைவெளி தெரியாது, கணினிக்குத் தெரியும்.

படி 4: நிறுவல்

பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கிய உடனே பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். லெனோவா, டெல், ஏசர் ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. சில கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஏசரில் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் எஃப்12 மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கலாம்.

மின்ட் திரை வந்ததும் உடனே நிறுவாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓடும் அந்த நிலையில் ஒலி, கேமரா, வைஃபை, திரை வெளிச்சம் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிறகு திரையில் உள்ள நிறுவல் படத்தைச் சொடுக்குங்கள்.

மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும். தமிழ் இடைமுகம் இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பு இன்னும் முழுமையாகவில்லை. அதோடு, ஏதாவது சிக்கல் வந்தால் திரையில் தெரியும் வாசகத்தை அப்படியே தேடிப் பார்க்க ஆங்கிலம் உதவும். விசைப்பலகைக்கு ரூபாய்க் குறியுடன் கூடிய இந்திய ஆங்கில அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வலது ஆல்ட் விசையோடு 4ஐ அழுத்தினால் ₹ விழும். இந்த இடத்தில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடவுச்சொல் எந்த எழுத்தில் விழுகிறது என்பது திரையில் தெரியாது, பிறகு உள்ளே நுழைய முடியாமல் தவிப்பீர்கள். தமிழைப் பின்னால் சேர்க்கலாம்.

பாட்டு, காணொளி ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் பெட்டியைக் குறியிடுங்கள். உங்கள் கணினியில் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் காவல்) இயங்கிக்கொண்டிருந்தால் இங்கே ஒரு கடவுச்சொல் கேட்கும். எட்டு எழுத்தாவது கொண்ட ஒன்றைக் கொடுத்து, தாளில் எழுதி வையுங்கள். அடுத்த திரையில் தட்டு முழுவதையும் அழித்து நிறுவு என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அதற்குமேல் தானாக நடக்கும்.

படி 5: நீலத் திரை

பலரும் தட்டுத் தடுமாறும் இடம் இது. எனக்கும் நெடுநேரம் பிடித்த இடம் இதுதான். நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆகும்போது, எம்ஓகே மேனேஜ்மென்ட் என்ற தலைப்பில் ஒரு நீலத் திரை வரும். விண்டோஸ் பழுதாகும்போது வருமே, அந்த நீலத் திரை இல்லை இது. ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடிதான் காத்திருக்கும். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது தானாகக் கடந்துபோய் மின்ட் திறந்துவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் வைஃபைக்கு வெளி நிறுவனத்தின் டிரைவர் தேவைப்படும் கணினியாக இருந்தால், அந்த டிரைவரை நிறுவிய பிறகும் வைஃபை வராது. செக்யூர் பூட் அதை உள்ளே விடாது.

ஆகவே நீலத் திரை வந்ததும் ஒரு விசையை அழுத்துங்கள். சுட்டி வேலை செய்யாது, அம்புக்குறி விசைகள்தான். என்ரோல் எம்ஓகே, பிறகு கன்டினியூ, பிறகு யெஸ். தாளில் எழுதி வைத்த கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். திரையில் புள்ளிகூடத் தெரியாது, அதுதான் இயல்பு. என்டர் அழுத்தி ரீபூட் கொடுங்கள்.

இதன் பிறகும் வைஃபை பட்டியல் வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, கைபேசி அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கணினிக்கு உடனே இணையம் வந்துவிடும். அடுத்து மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். பிராட்காம் சிப் உள்ள கணினிகளுக்கு இது அநேகமாக வேண்டியிருக்கும். டிரைவர் நிறுவும்போதும் அதே கடவுச்சொல் கேள்வி வரலாம். அப்படியானால் மறுதொடக்கத்தில் நீலத் திரையும் மறுபடி வரும். அப்போது கணினி முன்னாலேயே உட்கார்ந்திருங்கள்.

பிறகு அப்டேட் மேனேஜரை ஒருமுறை முழுவதுமாக ஓட விடுங்கள். டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு மீட்புப் பிரதி எடுத்து வையுங்கள்.

படி 6: தமிழ்99

இதற்காகத்தான் இவ்வளவும். விசைப்பலகை அமைப்புகளில் தேடினால் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒரு தளக்கோலம் தென்படும். அதைத் தொடாதீர்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று நேராகப் பொருத்தும் வகை; முந்தைய எழுத்து என்ன என்று அது பார்க்காது. தமிழ்99இன் உயிரே தானாகப் புள்ளி வைக்கும் விதிகளில் இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி இந்த விசைப்பலகையை வடிவமைத்தவர்கள் அதை அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்: உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு, ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி.

நீங்கள் செய்ய வேண்டியது: பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள் ஐபஸ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் எதுவும் நடக்காது. ஐபஸ் பிரிஃபரன்ஸஸில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 (எம்17என்) என்று இருப்பதைச் சேருங்கள். மொழி மாற்றும் விசையைக் கண்ட்ரோலும் இடைவெளிப்பட்டையும் என்று மாற்றிக்கொள்வது என் விருப்பம். எக்ஸ்எஃப்சிஇயில் சூப்பர் விசை மெனுவைத் திறப்பதால் இயல்பாக உள்ள சேர்க்கை குழப்பம் தரும்.

இப்போது அ, ம, ம, ஆ என்று அழுத்துங்கள். அம்மா. புள்ளி விசையைத் தொடவே இல்லை. ங, க என்றால் ங்க. ந, த என்றால் ந்த. ண, ட என்றால் ண்ட. தமிழில் சேர்ந்தே வரும் மெல்லினமும் வல்லினமும் இங்கேயும் சேர்ந்தே விழுகின்றன. இதற்குப் பழகிய கை ஆங்கில ஒலிவழித் தட்டச்சுக்குத் திரும்பாது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் முதல் நாளே வரும். தர்மபுரி என்று தட்டச்சு செய்தால் தர்ம்புரி என்று விழும். ம, ப இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ம்ப ஆக்க வேண்டும் என்பது விதி. கம்பு, வேம்பு எல்லாம் அப்படித்தான் எளிதாக விழுகின்றன. விதியை நிறுத்த, ம விசைக்குப் பிறகு அ விசையை ஒருமுறை அழுத்துங்கள்: த, ர, புள்ளி, ம, அ, ப, உ, ர, இ. தருமபுரி என்று எழுதினாலும் இதே வழிதான். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஷ மட்டும் ஷிஃப்டோடு ஈ விசையில் இருக்கிறது.

லிப்ரே ஆபிஸில் ஒரு சிறு அமைப்பு: டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, அதற்குத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவும் அளவும் தமிழுக்குத் தனி, ஆங்கிலத்துக்குத் தனி என்று அது வைத்திருக்கிறது. ஒரே வரியில் தமிழ் சிறிதாகவும் ஆங்கிலம் பெரிதாகவும் தெரிந்தால் காரணம் இதுதான்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பென்னாகரத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் (மேல்நிலைத் தட்டச்சுத் தேர்வு) முடித்தவர், தமிழ்99 கைக்கு வரவில்லை. அவரைப் போன்றவர்கள் பழகிய விரல்களை மாற்றிக்கொள்ளவே வேண்டாம். ஐபஸின் அதே தமிழ்ப் பட்டியலில் டைப்ரைட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சேருங்கள்.

இன்னும் சிலர் பழைய வன்தட்டிலிருந்து திறந்த தமிழ்க் கோப்புகள் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிவதாகக் கேட்டிருக்கிறார்கள். கோப்பு கெடவில்லை. அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. படித்தால் போதும் என்றால், பழைய வன்தட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து, இருமுறை சொடுக்கி நிறுவுங்கள். திருத்தி எழுத வேண்டும் என்றால் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். விண்டோஸில் இதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது. லினக்ஸிலிருந்து உலாவியிலேயே மாற்றித் தரும் தளங்களைப் பயன்படுத்தலாம். கோப்பு முழுவதையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அது தமிழ் விசைகள் என்று எண்ணி உளறலாக மாற்றிவிடும். பத்தி பத்தியாக எடுத்து, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள்.