அகராதிப் புளுகு விளையாடேக்க விடக்கூடாத பிழைகள்

கரண்ட் போன இரவுக்கும், வீடு நிறைய சொந்தக்காரர் வந்து நிக்கிற பெருநாளுக்கும் தோதான விளையாட்டு இது, ஒரு அகராதி, கொஞ்சம் கொப்பித் தாள், ஆளுக்கொரு பேனை காணும். ஒராள் ஒருத்தருக்கும் தெரியாத சொல்லொண்டை அகராதியில இருந்து எடுத்துச் சொல்லுவார், மற்றவங்க அதுக்கு ஒரு பொய்க் கருத்தைத் துண்டில எழுதிக் குடுக்கோணும், சொல்லெடுத்தவர் உண்மையான கருத்தையும் அதுக்குள்ள கலந்து எல்லாத்தையும் வாசிப்பார், எது மெய்யெண்டு கண்டுபிடிக்கோணும். மெய்யைப் பிடிச்சா 2 புள்ளி, உங்கட பொய்யை நம்பி ஏமாந்த ஒவ்வொரு ஆளுக்கும் 1, ஒருத்தரும் பிடிக்காட்டி வாசிச்சவருக்கு 3, இது எங்கட வீட்டுக் கணக்கு. இங்கிலிஷ்காரர் வீடுகளில முந்தியே விளையாடினதைத்தான் 1984ல கனடாவில பால்டர்டாஷ் எண்டு பெட்டியில போட்டு வித்தாங்க. எங்களுக்குப் பெட்டி தேவையில்லை.

ஆனா கனபேர் வீட்டில இது ரெண்டாவது ரவுண்டோட படுத்திடும், "சொல்லெல்லாம் கஷ்டம்" எண்டு பழியை அகராதி மேல போட்டுட்டு எழும்பிப் போயிடுவாங்க. என்னைக் கேட்டா பிழை பெரும்பாலும் உண்மைக் கருத்தை எழுதுற ஆள்ட்டதான். பொய் சொல்லுற பத்துப் பேரை விட உண்மை சொல்லுற ஒராள்தான் விளையாட்டைக் கெடுக்கிறது.

எப்பிடியெண்டா, ஞமலி எண்டு ஒரு சொல் எடுக்கிறீங்க. அகராதியில "நாய்" எண்டு ஒரே சொல்லில கிடக்கும். மற்ற ஆக்கள் எல்லாம் "முந்தின காலத்தில நெல்லுக் குத்தேக்க பொம்பிளையள் பாடுற பாட்டு" எண்டு நீட்டி எழுதியிருக்க நீங்க நடுவில மொட்டையா "நாய்" எண்டு வாசிச்சா சின்னப் பிள்ளையும் பிடிச்சிடும். "நாய்க்குப் பழைய பேர்" எண்டு கொஞ்சம் உடுப்புப் போட்டு விடுங்க, இல்லாட்டி தொடங்க முதலே ஒரு வரிக்கு மேல ஒருத்தரும் எழுதக்கூடாது எண்டு பேசி வையுங்க. வின்சுலோ அகராதி (1862ல வந்தது) வச்சு விளையாடுறவங்களுக்கு இன்னொரு கரைச்சல், அதில கருத்து இங்கிலிஷில, வாசிக்கிறவர் அந்த இடத்திலேயே மொழிபெயர்க்க வெளிக்கிட்டு "ஒரு... ஒரு விதமான..." எண்டு இழுப்பார், அந்த இழுவையிலேயே எல்லாருக்கும் விளங்கிடும். அதையும் துண்டில எழுதித்தான் கலக்கோணும். எல்லாத் துண்டையும் ஒருக்கா மனசுக்குள்ள வாசிச்சுப் பாத்துட்டுத்தான் சத்தமா வாசிக்கோணும், பெரியப்பாட கையெழுத்தில தடக்குப்பட்டா அது பெரியப்பாட துண்டெண்டு ஊருக்கே தெரிஞ்சிடும். சிரிப்பை அடக்கேலாத ஆக்களை வாசிக்க விடாதீங்க, பிளீஸ்.

அடுத்தது சொல் எடுக்கிறது. எங்களுக்குத் தெரியாத சொல் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைக்கிறது பெரிய பிழை. சென்னையில இருந்து வந்த ஆளுக்குக் கொண்டல் (கிழக்கால அடிக்கிற காத்து), சம்மாட்டி (மீன்பிடி வலை, வள்ளத்துக்குச் சொந்தக்காரர்) எல்லாம் புதினமா இருக்கும், சம்மாட்டி எண்டா சுத்தியல் எண்டுதான் நினைப்பார், ஆனா இங்க இலங்கையில கரைவலை இழுக்கிறதைப் பாத்து வளந்த பொடியனுக்குச் சம்மாட்டி ஆரெண்டு சொல்லிக் குடுக்கோணுமே? கச்சானும் அப்பிடித்தான், கொறிக்கிற கச்சானும் (நிலக்கடலை) தெரியும் அடிக்கிற கச்சான் காத்தும் தெரியும். தமிழ் படிப்பிக்கிற ஒரு மாமி இருந்தா எண்கு, உளியம் ரெண்டும் கரடி எண்டு அவ தூக்கத்திலயும் சொல்லுவா. அதுக்கு ஒரு வழி இருக்கு, கருத்துத் தெரிஞ்சவர் சத்தம் போடாம உண்மையையே துண்டில எழுதிக் குடுத்து 3 புள்ளி எடுத்துக்கொண்டு அந்த ரவுண்டில வோட் போடாம இருக்கலாம்.

தெரிஞ்ச சொல்லுக்குத் தெரியாத கருத்து இருந்தா விடாதீங்க, அதுதான் பொன். பூசை எண்டவுடன எல்லாரும் கோணேசர் கோயில் மணியடிக்கிற பூசையைத்தான் நினைப்பாங்க, பழைய தமிழில பூசை எண்டா பூனை, கம்பர் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போனதா சொல்லுறது இந்தப் பூசையைத்தான்.

இனி பொய் எழுதுறது. பகிடியா எழுதினா வாசிக்கேக்க எல்லாரும் சிரிப்பாங்க, வோட் ஒண்டும் விழாது. பஃறி எண்ட சொல்லுக்கு "பஃறெண்டு சிரிக்கிறவன்" எண்டு எழுதினவருக்கு முட்டை, "உப்பளத்தில தண்ணி மறிக்கிற சின்ன வரம்பு" எண்டு சப்பெண்டு எழுதினவர்தான் புள்ளியை அள்ளுவார் (உண்மையில படகு). அகராதி பகிடி விடாது, சப்பெண்டுதான் கதைக்கும், நீங்களும் அதே மாதிரிக் கதையுங்க.

சண்டை வாற இடம் ஒண்டு இருக்கு. அரி, மா மாதிரி ஒரு சொல்லுக்குக் கனக்கக் கருத்து இருக்கிறதை எடுத்தா, ஆரோ ஒராள் "மா எண்டா குதிரை" எண்டு எழுதுவார், நீங்க எடுத்தது மாமரம், ரெண்டுமே சரி, பிறகு விடியவிடிய வாக்குவாதம். சென்னைப் பல்கலைக்கழகத்தின்ட தமிழ் லெக்சிகனைப் (1924ல இருந்து 1936 வரை ஆறு தொகுதியா வந்தது, இப்ப நெட்டில ஓசியாவே பாக்கலாம்) புரட்டி ஒரு கருத்து, மிஞ்சினா ரெண்டு கருத்து உள்ள சொல்லா எடுங்க.

வோட் ஒராளுக்குப் பிறகு ஒராள் சொல்லக்கூடாது, அக்கா மூண்டாவது கருத்து எண்டா தம்பியும் மூண்டாவதுதான். எல்லாரும் ஒரே நேரத்தில விரலைக் காட்டோணும். போனைக் கவுட்டு வையுங்க, விளக்கம் தேவையில்லை.

கனடா, லண்டன் ஆக்களோட வட்ஸ்அப்பில விளையாடுறதெண்டா கருத்தை வாசிக்கிறவருக்குத் தனியா அனுப்போணும். அவசரத்தில ஆராவது குறூப்பில போட்டு உடன அழிச்சாலும் எப்பிடியும் ஒராள் பாத்திருப்பார், அந்தச் சொல்லை அப்பிடியே விட்டுட்டு வேற சொல் எடுங்க.