சாயங்காலம் ஆனா வீல்னு அழற கைக்குழந்தைய எப்படி அமர்த்துறது

எம் பொண்ணு பொறந்து ரெண்டு வாரம் பாலக் குடிச்சிட்டு தூங்கிட்டே இருந்தா, மூணாவது வாரத்துலேருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், முகம் செவந்து கால மடக்கிக்கிட்டு ஒம்போது மணி வரைக்கும் ஒரே அழுகை, நானும் கூட சேர்ந்து அழுதிருக்கேன். அப்படி இருக்குறவங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இந்த அழுகை ரெண்டாவது மூணாவது வாரம் ஆரம்பிச்சு, ஆறு எட்டு வாரத்துல உச்சத்துக்குப் போயி, மூணு நாலு மாசத்துல பெரும்பாலும் தானா கொறையும்.

அழ ஆரம்பிச்சா மொதல்ல துணியெல்லாம் கழட்டி உச்சந்தலைலேருந்து உள்ளங்கால் வரைக்கும் பாருங்க. ஈரமா, எறும்பு கடிச்சிருக்கான்னு பாருங்க, கால் விரல் ஒவ்வொண்ணா விரிச்சுப் பாருங்க. பிரசவத்துக்கப்புறம் நமக்கு கொத்துக் கொத்தா முடி கொட்டும்ல, அதுல ஒண்ணு பிள்ளையோட விரல்ல சுத்தி இறுக்கிடும், சாக்ஸ் போட்டிருந்தா வெளிய தெரியவே தெரியாது. விரல் வீங்கி முடிய எடுக்க வரலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. அப்புறம் பின்கழுத்த தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா குல்லா, ஸ்வெட்டர் எல்லாத்தையும் எடுத்துடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு பருத்திச் சட்டை போதும்.

இப்பதான குடிச்சான்னு நினைக்காம திரும்பவும் பால் குடுங்க. சாயங்காலத்துல அர மணிக்கு ஒரு தடவ கூட கேப்பாங்க, அதுக்காக பால் பத்தலன்னு பவுடர் டப்பா வாங்க ஓட வேணாம். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போயி எடையும் ஏறுதுன்னா பால் பத்துது. குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் வர்ற வரைக்கும் முதுக தடவுங்க.

இதெல்லாம் பாத்தும் நிக்கலன்னா லைட்ட கொறச்சிட்டு, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடங்க. 2022ல ஜப்பான்ல ரிக்கன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ஒண்ணு கண்டுபிடிச்சு சொன்னாங்க: அஞ்சு நிமிஷம் நிக்காம ஒரே சீரா நடக்கணும், பிள்ள தூங்கினதும் உடனே கீழ போடாம, உக்காந்து இன்னும் அஞ்சுலேருந்து எட்டு நிமிஷம் கையிலயே வச்சிருந்துட்டு அப்புறம் படுக்க வைக்கணும். நான் இத்தன நாளும் கண்ண மூடினதும் கீழ போட்டு போட்டுத்தான் எழுப்பி விட்டிருக்கேன். நடக்குறப்ப காதுகிட்ட உஷ்ஷ்ஷ்னு சொல்லுங்க, இல்ல ஆராரோ ஆரிரரோ பாடுங்க, ராகம் எப்படி இருந்தாலும் பிள்ளைக்கு உங்க குரல்தான் வேணும். சிலதுங்களுக்கு முன்கைல குப்புறப் போட்டு, தலைய முழங்கை மடிப்புல வச்சு ஆட்டினா அடங்கும். தூளில போட்டா தாடை நெஞ்சுல முட்டாம கூடவே இருந்து பாத்துக்கோங்க, தூங்கினதும் எடுத்து கெட்டியான படுக்கைல மல்லாக்கப் போடுங்க. தூக்கித் தூக்கி கைப்பழக்கம் ஆயிடும்னு பெரியவங்க சொல்வாங்க, இந்த வயசுல எவ்ளோ தூக்கினாலும் பிள்ள கெட்டுப் போகாது, தூக்குங்க.

வசம்பு, கிரைப் வாட்டர், சக்கரத்தண்ணி எதுவும் குடுக்காதீங்க, ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும்தான், தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல கூட தடவக் கூடாது. உரம் விழுந்துடுச்சுன்னு பொடவைல போட்டு உருட்டுறதுக்கு யார் கூப்பிட்டாலும் விடாதீங்க, மாமியாரே சொன்னாலும் பொறுமையா மறுத்துடுங்க.

ஒரு கட்டத்துல உங்களுக்கே ஆத்திரம் பொங்கிட்டு வரும். அப்ப பிள்ளைய தொட்டில்லயோ பாய்லயோ மல்லாக்கப் போட்டுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போயி மூஞ்சி கழுவிட்டு வாங்க, அந்த அஞ்சு நிமிஷம் அழுதா ஒண்ணும் ஆகாது. ஆனா புடிச்சு குலுக்கிட்டா மூளைல ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, எட்டு மணிக்கு மேல அவர் நடக்கட்டும்.

மூணு மாசத்துக்குள்ள இருக்குற பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, பாலே குடிக்காம துவண்டு கெடந்தாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ, வெளிக்குப் போறதுல ரத்தம் தெரிஞ்சாலோ, உச்சிக்குழி புடைச்சிருந்தாலோ, அழுகை சத்தமே வழக்கமா இல்லாம கீச்சுனு இருந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரி எத்தன மணியானாலும் கெளம்புங்க, தமிழ்நாட்டுல இருக்கீங்கன்னா வண்டிக்கு 108.