கைவிடப்படும் சரக்குக் கிளைப்பாதையை அரசு வாங்கிப் பழுதுபார்ப்பது எப்படி: அமெரிக்க நடைமுறை

கோதுமை, சோளம், உரம் ஏற்றிச் செல்லும் பழைய கிளைப்பாதைகள் பலவற்றுக்கு அமெரிக்காவில் இன்று மாநில அரசோ கவுண்டி என்ற உள்ளாட்சி அமைப்போ துறைமுக மாவட்டமோதான் உரிமையாளர். மில்வாக்கி ரோடு என்ற ரயில் நிறுவனம் 1977இல் திவாலானது. ராக் ஐலண்ட் என்ற இன்னொரு ரயில் நிறுவனம் 1980இல் ஓட்டத்தை நிறுத்தியது. முதலாவதன் பாதைகள் சிலவற்றைத் தெற்கு டகோட்டா மாநிலம் வாங்கியது, இரண்டாவதன் பாதைகள் சிலவற்றை ஓக்லஹோமா மாநிலம் வாங்கியது. வாஷிங்டன் மாநிலம் 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் பலூஸ் பகுதிப் பாதைகளை வாங்கியது. அந்த வலையமைப்பின் நீளம் 297 மைல். பாதையின் விலையைப் பழைய இரும்பும் நிலமும் தீர்மானிக்கும். அது எத்தனை காலம் ஓடும் என்பதோ ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை), பாலம், வடிகால் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. இந்த மூன்றையும் அளக்காமல் விலை பேச உட்காராதீர்கள்.

வாங்கும் வழி

பெரிய ரயில் நிறுவனங்கள் தங்கள் பாதைகளை வகைப்படுத்திய வரைபடத்தை, எஸ்டிபி எனப்படும் தரைவழிப் போக்குவரத்து வாரியத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். அதில் முதல் வகை, மூன்று ஆண்டுகளுக்குள் கைவிட எண்ணியிருக்கும் பாதைகள். உங்கள் பகுதிப் பாதை அந்த வகைக்குள் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். கைவிடும் விண்ணப்பம் வந்த பிறகு கெடுக்கள் நாள் கணக்கில் ஓடும். இரண்டு ஆண்டுகள் உள்ளூர்ச் சரக்கே இல்லாத பாதைக்குச் சுருக்க நடைமுறை இருப்பதால் அவகாசம் இன்னும் குறையும்.

நேரடிப் பேச்சுவார்த்தைதான் முதல் வழி. அது முறிந்தால் சட்டம் வேறு கதவுகளைத் திறக்கிறது. கைவிடும் நடவடிக்கை நடக்கும்போது 'நிதி உதவி முன்மொழிவு', அதாவது பாதையை வாங்க முன்வரும் மனு, தாக்கல் செய்யலாம். விலையில் உடன்பாடு வராவிட்டால் வாரியமே விலையை நிர்ணயிக்கும். அது கட்டுப்படியாகாவிட்டால் நீங்கள் விலகிக்கொள்ளலாம். ஏற்று வாங்கினால் இரண்டு ஆண்டுகளுக்குச் சேவையை நிறுத்த முடியாது. விற்றவரைத் தவிர வேறு யாருக்கும் ஐந்து ஆண்டுகளுக்குப் பாதையை மாற்றித் தரவும் முடியாது. கைவிடும் விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல், முதல் வகையில் உள்ள பாதையை விற்கும்படி வாரியத்தின் மூலம் கட்டாயப்படுத்தும் 'ஃபீடர் லைன்' வழியும் உண்டு. எதுவும் கைகூடாவிட்டால் பாதைத்தடத்தையாவது 'ரயில் பேங்கிங்' முறையில் காப்பாற்றுங்கள். தடம் நடைபாதையாக இருக்கும், பிற்காலத்தில் ரயில் திரும்பிவர இடமிருக்கும்.

அரசு அமைப்பு தானே ரயில் நிறுவனமாகிவிடக் கூடாது என்றால், நிலத்தையும் தண்டவாளத்தையும் மட்டும் வாங்கி, சரக்கு ஓட்டும் நிரந்தர உரிமையை விற்பவரிடமே விட்டுவைக்கலாம். மெய்ன் மாநிலம் தொடர்பான 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு வழிவகுத்தது.

விலைக் கணக்கு

நிதி உதவி முன்மொழிவில் பெரும்பாலும் நிகரக் கலைப்பு மதிப்புதான் அடிப்படை. தண்டவாளம், ஃபிஷ்பிளேட் (இரு தண்டவாளங்களை இணைக்கும் பட்டை), தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பருக்கும் இடையில் இருக்கும் தகடு, நல்ல ஸ்லீப்பர் ஆகியவற்றை விற்றால் கிடைப்பதிலிருந்து பெயர்த்தெடுக்கும் செலவைக் கழித்து, நிலத்தின் மதிப்பைக் கூட்டினால் அது வரும். இரும்பின் எடையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கெஜத்துக்கு 90 பவுண்டு தண்டவாளம் என்றால் 90 × 1,760 × 2 = 316,800 பவுண்டு; அதாவது மைலுக்கு 2,000 பவுண்டு டன்னில் 158. 115 பவுண்டு தண்டவாளம் என்றால் 202 டன்.

விற்பவர் இங்கே இரண்டு இடங்களில் விலையை ஏற்றுவார். தேய்ந்த தண்டவாளத்தை மறுபயன்பாட்டுக்கு உகந்தது என்று கணக்கில் காட்டுவார். உங்கள் ஆள் ஒவ்வொரு மைலிலும் தலைப்பகுதித் தேய்மானத்தை அளந்து வைத்திருந்தால்தான் மறுக்க முடியும். இன்னொன்று நிலம். பழைய பாதைத்தடங்களில் கணிசமான பகுதி முழு உரிமையுடன் வாங்கப்பட்டதல்ல, வழிப்பாத்தியம் (பிறர் நிலத்தின் வழியே செல்லும் உரிமை) மட்டுமே. கைவிட்டால் பக்கத்து நில உரிமையாளருக்குப் போய்விடும் துண்டுக்கு விற்பவர் விலை கேட்க முடியாது. பத்திரங்களைத் துண்டு துண்டாகப் படிக்க ஒரு வழக்கறிஞருக்குத் தரும் கட்டணம் இந்த ஒரு காரணத்துக்காகவே தகும்.

ஒப்பந்தத்தில் இணைப்புத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரைத் தவிர வேறு நிறுவனத்திடம் பெட்டிகளை ஒப்படைத்தால் அபராதம் என்ற பிரிவு, வாங்கிய பாதையை அதே நிறுவனத்தின் பிடியிலேயே வைத்துவிடும்.

நடந்து பார்த்தல்

முழு நீளத்தையும் நடந்துதான் பார்க்க வேண்டும். 39 அடித் தண்டவாளத்தின் கீழ் சுமார் 24 ஸ்லீப்பர்கள் இருக்கும். எஃப்ஆர்ஏ எனப்படும் மத்திய ரயில்வே நிர்வாகத்தின் விதிப்படி, நேர்ப்பாதையில் மணிக்கு 10 மைல் ஓட்ட அவற்றில் 5 நல்லவையாக இருந்தால் போதும். 25 மைலுக்கு 8 வேண்டும். உடைந்தது, ஆணி பிடிக்காத அளவு பிளந்தது, தகடு அரை அங்குலம் நகரக்கூடியது, தகடு தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் வெட்டி இறங்கியது இவற்றை நல்ல கணக்கில் சேர்க்காதீர்கள். தண்டவாளங்கள் சேரும் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் 24 அங்குலத்துக்குள் ஒரு நல்ல ஸ்லீப்பரின் மையம் இருக்க வேண்டும். கேஜின், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தின், இயல்பளவு 4 அடி 8½ அங்குலம். 10 மைல் வகுப்பில் 4 அடி 10 அங்குலம் வரையும், 25 மைல் வகுப்பில் 4 அடி 9¾ அங்குலம் வரையும் அனுமதி.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் எடையும் உருட்டிய ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். 1930களின் நடுப்பகுதிக்கு முந்தைய எஃகு மெதுவாகக் குளிரவைக்கப்படாதது. உள்ளே தங்கிய ஹைட்ரஜனால் வெளியே தெரியாத குறுக்கு விரிசல் அதில் வளரும், மீயொலிச் சோதனையில்தான் அகப்படும்.

பாலங்கள்தான் பெரிய செலவு. பழைய பெட்டிகளின் மொத்த எடை 263,000 பவுண்டு. இப்போதைய தானியப் பெட்டி 286,000. பாலம் தாங்காவிட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் பத்து டன்னுக்கு மேல் குறைத்து ஏற்ற வேண்டிவரும், விவசாயி லாரிக்குப் போய்விடுவார். மரத்தூண்கள் மண்மட்டத்தில்தான் உளுக்கும். சுத்தியலால் தட்டி, பொத்தென்று ஒலிப்பதைத் துளையிட்டுப் பாருங்கள். சுமைத்திறனை ரயில்வே பாலப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் பாலச் சோதனை சட்டக் கடமை.

பழுதுபார்க்கும் வரிசை

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். புதர் வெட்டி, ஓரக் கால்வாயைத் தோண்டி, அடைத்த கல்வெர்ட்டுகளைத் திறந்த பிறகே மற்றவை. சேறு ஏறிய ஜல்லியின் மேல் போட்ட புதிய ஸ்லீப்பர் வண்டி போகும்போதெல்லாம் சேற்றைப் பம்ப் செய்து, சீக்கிரமே மட்டம் இழக்கும்.

அடுத்து பாலம், அதன்பின் ஸ்லீப்பர். மைலுக்கு மொத்தம் சுமார் 3,250 ஸ்லீப்பர்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையை மட்டும் எட்டும்படி மாற்றினால் அடுத்த ஆண்டே விதிக்குக் கீழே போய்விடும். மோசமான பாதையில் மைலுக்கு 1,000 வரை மாற்றத் திட்டமிடுங்கள், வளைவிலும் இணைப்பின் அடியிலும் முதலில். தளர்ந்த போல்ட்டுகளை இறுக்கி, வெடித்த ஃபிஷ்பிளேட்டுகளை மாற்றுவது இதனுடன் சேர்ந்த வேலை. மைலுக்கு சுமார் 270 இணைப்புகள் வரும். ஜல்லியும் டேம்பிங்கும் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கித் திணிப்பது) கடைசியில்தான். பத்தடி அகலத்தில் மூன்று அங்குலம் உயர்த்த மைலுக்கு ஏறத்தாழ 500 கன கெஜம் ஜல்லி ஆகும். டேம்பிங்கை முன்னதாகச் செய்தால், ஸ்லீப்பர் மாற்றத் தோண்டும்போது அந்த வேலை முழுவதும் வீணாகும்.

வேகத்தை உயர்த்தும்போது தாழ்ந்த இணைப்புகளைக் கண்டிப்பாகத் தூக்கிவிடுங்கள். இடம் வலம் மாறிமாறி வரும் இணைப்புகள் தாழ்ந்திருந்தால் மணிக்கு 15 முதல் 20 மைல் வேகத்தில் உயரமான தானியப் பெட்டி பக்கவாட்டில் ஆட்டம் பிடித்து, சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும். 10 மைலில் ஓடியபோது யாருக்கும் தெரியாத குறை இது. லெவல் கிராசிங்கிலும் கவனம் வேண்டும். நீண்ட நாள் ஓடாத தண்டவாளத்தில் துரு படிந்தால் மின்சுற்று ரயிலை உணராது, தடுப்பு இறங்காது. துரு தேயும் வரை ஆளை நிறுத்திக் கொடி காட்டித்தான் கடக்க வேண்டும்.

பணமும் இயக்குபவரும்

'கிரிசி' என்ற மத்திய மானியம் திட்டச் செலவில் 80 சதவீதம் வரை தரும். செலவு-பயன் ஆய்வு கேட்பார்கள். மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாங்கிய பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காமல் போகலாம், ஆகவே ஸ்லீப்பர் ஆர்டரை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். சிறு பாதைகளின் பராமரிப்புச் செலவில் பாதிக்கு, மைலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பில் வரிச்சலுகை உண்டு. வரி கட்டாத அரசு அமைப்புக்கு அதனால் பயனில்லை, குத்தகைக்கு ஓட்டும் நிறுவனத்துக்கு உண்டு. எனவே அந்தத் தொகை பாதையிலேயே செலவாக வேண்டும் என்று குத்தகையில் எழுதி, பெட்டிக்கு இவ்வளவு என்று தனிப் பராமரிப்பு நிதிக்கும் வாங்குங்கள். பாதைப் பாதுகாப்புப் பொறுப்பை இயக்குபவருக்கு மாற்றுவதானால் குறைந்தது 30 நாள் முன்பே எஃப்ஆர்ஏவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பாதைக் குறைகளுக்கு உரிமையாளரான நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.