ராத்திரி பத்து மணி சாப்பாடு: வீட்ல பொண்ணுங்க வயித்துக்கு ஏத்த மாதிரி மாத்துறது எப்படி

மும்பைல நம்ம வீடுங்கள்ல ராத்திரி சாப்பாடு லேட்டுதான், வி.டி. ஸ்டேஷன்ல ஹார்பர் லைன் ரயில் பிடிச்சு செம்பூர் வந்து வீட்டு வாசல் மிதிக்கவே ஒன்பது ஆயிடுது. அப்புறம் அவருக்கு சுடச்சுட தோசை, புள்ளைங்களுக்கு தோசை, மாமியாருக்கு மிளகாய்ப்பொடி இல்லாம ரெண்டு, கடைசியா கல்லை இறக்கி வெச்சுட்டு வீட்டம்மா உக்காரும்போது பத்தரை, பதினொண்ணுக்கு படுக்கை. இதுல கூத்து என்னன்னா, வீட்ல யாரோட வயிறு மெதுவா காலியாகுதோ அவங்கதான் கடைசியா சாப்பிடுறாங்க.

பொதுவா பொண்ணுங்களுக்கு இரைப்பைலேர்ந்து சாப்பாடு, அதுவும் கெட்டியான சாப்பாடு, ஆம்பளைங்களைவிட மெதுவாத்தான் கீழ இறங்கும், பெருங்குடல்லயும் அதே கதைதான். ப்ரொஜெஸ்டிரான் ஹார்மோன் குடல் தசையை தளர்த்தி விடுறது இதுக்கு ஒரு காரணம். ஆளுக்கு ஆள் மாறும்தான், ஆனா "உனக்கு வயிறே வீக், நான் அதையே தின்னுட்டு நல்லாதானே இருக்கேன்"னு பேசுறதை முதல்ல நிறுத்தணும்.

சரி, என்ன பண்ணலாம். சாப்பிட்டு படுக்குறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி வேணும், அதனால வீட்டம்மா எட்டு மணிக்கே புள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டுடணும். அவர் வந்ததும் அவரே தோசை ஊத்திக்கட்டும், ஒண்ணும் குறைஞ்சிடாது. வேலைக்கு போற பொண்ணுங்களுக்கு எட்டு மணி நடக்காது, அவங்க ஏழு மணிக்கு ஆபீஸ்லயே சப்பாத்தி சப்ஜி முடிச்சுட்டு, வீட்டுக்கு வந்து குழைய பிசைஞ்ச ரசம் சாதம் கொஞ்சமா சாப்பிடலாம், ஏன்னா நீர்க்க இருக்குறது சீக்கிரம் இறங்கும். எண்ணெய், வெண்ணெய், சீஸ் எல்லாம் இரைப்பை காலியாகுறதை இன்னும் தாமதப்படுத்தும், அதனால பாவ் பாஜி ஆசையை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள தீர்த்துக்கோங்க. எதுவும் முடியலன்னா இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க, எதுக்களிப்பாவது குறையும்.

பீரியட்ஸுக்கு முந்தின வாரம் நிறைய பேருக்கு வயிறு உப்பும், மோஷன் சரியா போகாது, உடனே பேதி மாத்திரையை முழுங்காதீங்க. பீரியட்ஸ் ஆரம்பிச்சதும் ப்ரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள் குடலை முறுக்கி விட்டு சில பேருக்கு லூஸ் மோஷனே போகும், மாத்திரையும் சேர்ந்தா அவஸ்தைதான். அந்த வாரம் அளவை குறைச்சு, தண்ணி கூட்டி, சாப்பிட்டப்புறம் சொசைட்டி காம்பவுண்டுலயே மெதுவா ரெண்டு ரவுண்டு நடங்க.

இன்னொண்ணு, அவர் போடுற கேஸ் மாத்திரையை அப்படியே வாங்கி போடாதீங்க, அது ஆசிடை குறைக்கும், மெதுவா இறங்குற சாப்பாட்டை தள்ளி விடாது. ஆம்பளைங்களும் நெஞ்செரிச்சலை வருஷக்கணக்கா மாத்திரையால அமுக்கி வெக்காதீங்க, நெஞ்செரிச்சலால உணவுக்குழாய் கெட்டுப்போறது உங்க பக்கம்தான் அதிகம். பார்ட்டில ஜோடியா ஒரே அளவு குடிக்கிறதும் சரிப்படாது, பொண்ணுங்க உடம்புல தண்ணி கம்மி, அதனால அதே ஒரு பெக் அவங்க ரத்தத்துல கூடுதலா ஏறும்.

எண்ணெய் பலகாரம் சாப்பிட்டதும் வலது விலாவுக்கு கீழ பிடிச்சு வலிச்சா சோனோகிராஃபி (வயித்து ஸ்கேன்) எடுத்து பாருங்க, பித்தப்பை கல் பொண்ணுங்களுக்குத்தான் அதிகம். மலம் கருப்பா போனாலோ, காரணமில்லாம எடை இறங்கினாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க. முக்கியமா, பொண்ணுங்களுக்கு ஹார்ட் அட்டாக் சில நேரம் அஜீரணம் மாதிரியே வரும், வேர்வை, மூச்சு வாங்குறது, தாடையிலோ முதுகுலயோ வலின்னு சேர்ந்து வந்தா ஓமவாட்டர் குடிச்சிட்டு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போய் ஈசிஜி எடுங்க.