யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்தவர்களுக்கு: எந்த ஊரில் வீடு பார்ப்பது?

கனடாவிலோ இலண்டனிலோ பல காலம் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் வீடு தேடத் தொடங்கியதும் முதலில் கேட்பது, "நகரத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர்?" என்பதைத்தான். கொழும்பு, மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து மாற்றலாகி வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். குடாநாட்டில் தூரம் பெரிய பிரச்சினை அல்ல. வடக்கு எல்லையிலுள்ள காங்கேசன்துறைகூட நகரத்திலிருந்து 20 கிலோமீற்றருக்குள் வந்துவிடுகிறது. உங்கள் வேலைத்தலம் எந்தப் பெரிய வீதியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வீட்டை அதே வீதியில் தேடுங்கள்.

காரணம் இந்த ஊரின் அமைப்பு. விரித்த கைவிரல்களைப் போல நகரத்திலிருந்து வீதிகள் பிரிந்து போகின்றன. மானிப்பாய் வீதி ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகச் சங்கானைப் பக்கம் போகிறது. காங்கேசன்துறை வீதி கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நேராக வடக்கே ஏறுகிறது. பலாலி வீதியில் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய். பருத்தித்துறை வீதியில் நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி. அதற்கும் அப்பால் வல்லைவெளியைக் கடந்தால் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சி. கண்டி வீதியில் அரியாலை, நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி. பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போகும் பாதை தனி.

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் தனியார் மினிபஸ்ஸும் பெரும்பாலும் இந்த வீதிகளில் நகரத்துக்கு வந்து திரும்புகின்றன. ஒரு வீதியிலிருந்து இன்னொரு வீதிக்குக் குறுக்கே போகும் பஸ்கள் குறைவு. மானிப்பாயில் வீடு, சாவகச்சேரியில் வேலை என்றால் அநேகமாக நகரத்துக்கு வந்து, மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிவரும். வரைபடத்தில் அருகருகே தெரிகிற இரண்டு ஊர்களுக்கு இடையில் காலையும் மாலையும் கரைவது இப்படித்தான். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தளரும். குறுக்கு வீதிகள் அவர்களுக்குத்தான் உண்மையாகப் பயன்படுகின்றன. அவற்றில் நான் முக்கியமாகச் சொல்வது மானிப்பாய்–கைதடி வீதியை. மருதனார்மடத்தில் காங்கேசன்துறை வீதியையும், உரும்பிராயில் பலாலி வீதியையும், கோப்பாயில் பருத்தித்துறை வீதியையும் வெட்டிக்கொண்டு, கடல்நீரேரியைக் கடந்து கைதடியில் கண்டி வீதியோடு சேர்கிறது. நகரத்துக்குள் கால் வைக்காமலே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விடலாம். வீடு பார்க்கும்போது இந்த வீதியை மனதில் வைத்திருங்கள்.

இனி வேலைத்தலங்கள். பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1974இல் தொடங்கிய வளாகம் திருநெல்வேலியில் இருக்கிறது. மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில். சந்தையும் கடைகளும் காலடியில் என்பதால் திருநெல்வேலியிலேயே வீடு பார்க்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். அங்கே மாணவர்களும் அறை தேடுவார்கள். நல்ல வீடு கிடைப்பது கடினம், வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும். கொக்குவில் கிழக்கையும் கோண்டாவிலையும் பாருங்கள். இரண்டிலிருந்தும் ஒழுங்கைகளுக்குள்ளாலேயே சைக்கிளில் வளாகத்துக்குப் போய்விடலாம், பெருவீதியைத் தொடவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. அது யாழ்ப்பாண நகரத்திலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பீடங்களில் வேலை கிடைத்த ஒருவர் திருநெல்வேலியில் வீடு எடுத்தால் தினமும் ஆனையிறவைத் தாண்டிப் போய்வர வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் குடாநாட்டில்தான் இருக்கவேண்டும் என்றால் சாவகச்சேரி, கொடிகாமம் பக்கம் பாருங்கள். தனியாள் என்றால் கிளிநொச்சியிலேயே இருந்துவிடுவது நல்லது.

போதனா வைத்தியசாலை நகரத்தின் நடுவில் இருக்கிறது. இரவு வேலையும் முறைமாற்றமும் உள்ள தாதியர்களும் வைத்தியர்களும் தூரத்து ஊர்களைத் தவிர்க்கவேண்டும். பொழுது பட்டபின் உள்ளூர் பஸ்கள் சட்டென்று குறைந்துவிடும். ஓட்டோவை நம்பி மாதக் கணக்கில் ஓடினால் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். சுண்டிக்குளி, கொழும்புத்துறை, வண்ணார்பண்ணை, நல்லூர் என்று சைக்கிளில் எட்டக்கூடிய இடங்களைப் பாருங்கள். வீடு சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. விடியற்காலையில் வேலை முடிந்து வருகிறவருக்கு வீடு பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். சுண்டிக்குளியில் கண்டி வீதியிலுள்ள கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வருகிறவர்களுக்கு அரியாலை நல்ல தெரிவு.

மாகாண சபையின் அலுவலகத் தொகுதி கைதடியில் இருக்கிறது. அங்கே வேலை என்றால் நகரத்துக்குள் வீடு எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. சாவகச்சேரியில் வைத்தியசாலை, சந்தை, பள்ளிக்கூடங்கள், ரயில் நிலையம் எல்லாம் இருக்கின்றன. அங்கிருந்து காலையில் நகரத்தை நோக்கி வரும் எந்தப் பஸ்ஸும் உங்களைக் கைதடியில் இறக்கிவிடும். கோப்பாயிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் சாவகச்சேரி, கைதடி எல்லாம் அடங்கிய தென்மராட்சியைத் தூரத்து ஊர் என்று நினைத்துத் தள்ளிவைக்கிறார்கள். அது எனக்கு வருத்தம். நிழல் தரும் மாமரங்களும் பெரிய வளவுகளுமாக அந்தப் பக்கம் குடும்பமாக இருப்பதற்கு மிக நல்ல இடம்.

தெல்லிப்பழை வைத்தியசாலைக்கும், 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கும் சுன்னாகம் அல்லது மல்லாகம் பொருந்தும். வடமராட்சியில் வேலை என்றால், மந்திகை வைத்தியசாலையோ பருத்தித்துறை அலுவலகங்களோ எதுவானாலும், நெல்லியடியில் இருங்கள். நகரத்திலிருந்து தினமும் போய்வரலாம் என்று சிலர் தொடங்குவார்கள். வல்லைவெளியில் ஒதுங்க ஒரு வீடு இல்லை. மாரி காலத்தில் இருட்டிய பிறகு எதிர்க்காற்றில் மோட்டார் சைக்கிளில் அந்த வெளியைக் கடப்பது தினமும் செய்யக்கூடிய காரியம் அல்ல.

ரயிலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். போரால் நின்ற சேவை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்ப வந்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எங்கும் நிலையங்கள் உண்டு. ஆனால் இந்தப் பாதை முதன்மையாகக் கொழும்புப் பயணத்துக்கானது. நாளுக்குச் சில ரயில்கள்தான் ஓடுகின்றன; அலுவலக நேரத்துக்கு அவை பொருந்துமா என்று நேர அட்டவணையைப் பார்க்காமல் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு என்று மகிழவேண்டாம். தண்டவாளம் வேறொரு விதத்தில் உங்களைப் பாதிக்கும். காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் இடையிலுள்ள பல ஒழுங்கைகள் அதைக் குறுக்கே வெட்டுகின்றன. பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. அப்படி ஒரு கடவைக்கு அப்பால் வீடு என்றால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகப்போகும் பிள்ளையை நினைத்து முடிவெடுங்கள். இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு உருட்டிக்கொண்டு கடக்க முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

பாதை சரியாக அமைந்தாலும் கிணறு சரியில்லாவிட்டால் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. குடாநாடு சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கிறது. நல்ல தண்ணீர் வருகிற வீட்டிலும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும், அதற்குப் பயப்படவேண்டாம். கடலோரத்தையும் தீவுகளையும் நெருங்க நெருங்கத் தண்ணீர் உவராகும். தோட்டங்கள் நிறைந்த செம்மண் ஊர்களில் உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது கவனிக்கவேண்டிய விடயம். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினையை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டபின் குழாய் நீர் பல இடங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு அந்த இணைப்பு உண்டா என்று கேளுங்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் சுவை மாறுமா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும், ஏனென்றால் பல வீடுகளின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார், திறப்பு வைத்திருக்கும் உறவினர் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

அதே வாயில் மழையைப் பற்றியும் கேளுங்கள்: "அம்மா, கார்த்திகை மழைக்கு இந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா?" நாவாந்துறை, பொம்மைவெளி போன்ற தாழ்ந்த இடங்களில் வெள்ளம் அநேகமாக ஒவ்வொரு மாரியிலும் வரும். செம்மண் ஊர்களில் வெள்ளம் விரைவாக வடிந்துவிடும், ஆனால் தார் போடாத ஒழுங்கையில் சேறு நாள்கணக்கில் கிடக்கும். பஸ் வீதிக்கு நடக்கவேண்டிய அந்தக் கொஞ்சத் தூரம் அப்போதுதான் நீளும்.

நல்லூரில் வீடு எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஆடி, ஆவணியில் வரும் 25 நாள் திருவிழாவின்போது கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு, பருத்தித்துறை வீதிப் போக்குவரத்து வேறு வழியால் திருப்பப்படும். கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது பெரும் பேறு. அந்த நாட்களில் வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுவர வழி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூட நாள் ஒன்றில், காலை ஏழு மணிக்கு அந்தப் படலையிலிருந்து புறப்பட்டு வேலைத்தலம் வரை போய்ப்பாருங்கள். அரசுப் பள்ளிக்கூடங்கள் ஏழரைக்குத் தொடங்குகின்றன. அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் திருநெல்வேலிச் சந்தியில் மரக்கறி மூட்டைகளோடு வாகனங்களும், முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை என்று ஏற்றிய மோட்டார் சைக்கிள்களும், வெள்ளைச் சீருடையில் சைக்கிள் கூட்டமும் ஒன்றாக நிற்கும். எட்டு மணிக்குப் பிறகு அதே சந்தியில் நெரிசல் குறைந்துவிடும். உங்கள் அலுவலகம் எட்டரைக்குத் தொடங்குவதானால் இந்த நெரிசல் உங்களைத் தொடாமலே போகலாம். பிள்ளைகளை நகரப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டியவர் என்றால் பள்ளிக்கூடமும் வேலையும் ஒரே வீதியில் அமைகிறதா என்று பாருங்கள். மாலையில் தனியார் கல்வி நிலையங்கள் விடும் நேரத்திலும் ஒருமுறை அதே வழியால் திரும்பி வாருங்கள். இரண்டும் மனதுக்குப் பிடித்திருந்தால் ஒப்பந்தத்தை முதலில் ஆறு மாதத்துக்கு எழுதக் கேளுங்கள். மாரியையோ கோடையையோ அந்த வீட்டில் ஒருமுறை பார்த்தபின் நீடிக்கலாம்.